பாகூர்க் கூட்டத்தில் நாங்கள் போட்ட பிரெஞ்சுச் சண்டை

போன மாதம் ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தாள். பேச்சை மொழிபெயர்க்கும் வேலைக்குப் புதிதாக வந்தவள். வெளிநாட்டு நிதியில் கடலோரத்தில் ஒரு திட்டம் வரப்போகிறது. அதற்காக மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். ஊர்க்காரர்கள் பேசுவதை வந்திருந்த வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது அவளுடைய பொறுப்பு. "மேடம், ஒரு மீனவர் ரொம்ப நேரம் பேசினார். பக்கத்துல இருந்த ஆபீசர் 'முழுசா வேணாம், சாரத்த மட்டும் சொல்லிடும்மா'ன்னார். அப்படிச் சொல்லலாமா? உங்க காலத்துல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. வீட்டுக்கு வரச் சொன்னேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. வில்லியனூருக்குப் பக்கத்தில் கிறிஸ்தவப் பங்கு ஊர் ஒன்றில் பிறந்தவள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் அவரை 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றே கூப்பிடுவார்கள். வீட்டில் எங்களைத் திட்டுவதற்கு மட்டும் பிரெஞ்சு பேசுவார். மீதிப் பிரெஞ்சைக் கன்னியர் பள்ளியில் படித்தேன். தட்டச்சும் கற்றுக்கொண்டு அறுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் அரசு மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்களே தவிர, அவர்கள் எழுதி வைத்த காகிதங்கள் போகவில்லை. எந்த வாய்க்காலில் யாருக்கு முறைத் தண்ணீர், எந்த மதகைப் பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்த மொழியில்தான் கிடந்தது. ஏரி, நிரம்பினால் வழிகிற கலிங்கல், வடிகால் என்று சில வருடம் தண்ணீர்க் காகிதங்களோடே வாழ்ந்தேன். அதனால் வெளிநாட்டிலிருந்து தண்ணீர் விஷயமாக யாராவது வந்தால் என்னை அனுப்பும் வழக்கம் வந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் சவரிநாதன். அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதைச் சொல்லால் 'முசே' என்போம். பாகூர் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டி. சிரித்து நான் பார்த்ததில்லை, கத்தியும் கேட்டதில்லை. யாராவது மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு சொல் பிசகினால் 'திரும்ப' என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும், அலுவலகப் பழக்கத்தில், கல்யாணமாகாத பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, 'மத்மசேல் பிலோமின்' என்றே கூப்பிட்டார். அதை மாற்ற என்னால் முடியவில்லை.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை 'அவர் என்ன சொல்றாருன்னா'. "அவரு சொல்லல. நீ சொல்ற. அவரு 'நான்'னா நீயும் 'நான்'னு சொல்லு" என்பார். பேசுகிறவர் 'என் நிலம் போச்சு' என்றால் நாங்களும் 'என் நிலம் போச்சு' என்றே பிரெஞ்சில் சொல்ல வேண்டும். கோபத்தோடு சொன்னால் கோபத்தோடு. வசவு வந்தால் அதையும் விடக்கூடாது.

கூட்டம் என்றால் முன்னாலேயே போய்விடுவார். நாற்காலிகளை அவரே இழுத்துப் போடுவார். பேசுகிறவர், கேட்கிறவர் இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்க வேண்டும். மொழிபெயர்க்கிற துபாஷியின் நாற்காலி அவர்களுக்கு நடுவில், ஆனால் ஓர் அடி பின்னால். ஒவ்வொரு நாற்காலியிலும் தானே உட்கார்ந்து எதிரே பார்ப்பார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தால் நிறுத்தச் சொல்வார். ஒலிபெருக்கிக்காரனைக் கூப்பிட்டு, எங்கள் குரல் எந்தப் பெட்டியில் வரும் என்று பார்த்துக்கொள்வார். இதெல்லாம் ஆன பிறகுதான் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தடவை, பாகூர்ப் பக்கம் கரும்பு வயல்களைப் பார்க்க ஒரு வெளிநாட்டு வேளாண் நிபுணர் வந்தார். வெட்டுவதற்கு முன்னால் கரும்பின் காய்ந்த இலையான சோகையைக் கொளுத்துகிற புகை அன்று ஊர் முழுக்க இருந்தது. "காற்று கெடுகிறதே, ஏன் கொளுத்துகிறீர்கள்?" என்று அவர் கேட்க, வெட்டுக்கு வந்திருந்த ஓர் ஆள் அரிவாளை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "உள்ள பாம்பு இருக்குது. என்னைக் கடிச்சா நீயா வந்து வைத்தியம் பாப்ப? ஊருக்குப் போயி குந்திக்கினு எழுதறதுக்கு உனக்கு இன்னா!" கூட வந்த அதிகாரிகளின் முகம் செத்துப்போயிற்று. நான் அப்படியே சொன்னேன், 'நீ' உட்பட. நிபுணர் குறிப்பேட்டை மூடினார். பிறகு, "கேட்டது நியாயம். கொளுத்தாமல் வெட்டினால் காலுக்கு என்ன போட்டுக்கொள்வீர்கள் என்று முதலில் நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். இரண்டு பேரும் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். வசவை இனிப்பாக்கியிருந்தால் அந்தப் பேச்சு நடந்தே இருக்காது.

இனி, அந்தப் பெண்ணுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

எண்பதுகளின் தொடக்கம். பிரெஞ்சு பேசும் நாடு ஒன்றிலிருந்த ஒரு நிதி நிறுவனம், தென்பெண்ணைக் கரையில் குருவிநத்தம் பக்கமாக வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, டவுனுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குழாயில் தண்ணீர் கொண்டுபோகக் கடன் தருவதாக இருந்தது. தருவதா, எந்த நிபந்தனையில் தருவது என்று முடிவு செய்கிறவர்கள் ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாகூரைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் இருவர் நேரில் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். ஒருவர் துவால், நிலத்தடி நீர் நிபுணர், தலை நரைத்தவர். இன்னொருவர் எலேன் என்ற சட்ட நிபுணர். அந்த நிறுவனம் அப்போதுதான் ஒரு விதி கொண்டுவந்திருந்தது: திட்டத்தால் யார் வாழ்க்கை மாறுமோ அவர்களிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

இங்கே இருந்த அதிகாரிகளுக்கு இது புதுசு. மக்களிடம் சொல்வது தெரியும். மக்களிடம் கேட்பது என்றால் என்ன செய்வது? பாகூரில் ஒரு கூடத்தில் கூட்டம் ஏற்பாடானது. கிணறுகள் வருகிற ஊர்களின் நிலக்காரர்களுக்கு மட்டும் அழைப்பு. மேடையில் விருந்தினர்களும் அதிகாரிகளும். கீழே வெகுதூரம் தள்ளி மக்கள்.

முசே முன்னதாகவே போய் மேடையைப் பார்த்தார். ஒரு நாற்காலியைத் தூக்கிக் கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். கூட்டத்தை நடத்த வந்திருந்த பொறியாளர் ஓடி வந்தார்.

"என்ன சார் பண்றீங்க? கெஸ்ட் எல்லாம் மேல உக்காரணும்."

"மேல உக்காந்தா எனக்குக் காது கேக்காது" என்றார் முசே.

"மைக்கு இருக்குதே!"

"மைக்குல குரல் வரும். வாய் அசையறது தெரியாது. எனக்கு வாயைப் பாத்தாதான் கேக்கும்."

அவருக்குக் காது எவ்வளவு கூர்மை என்று அலுவலகத்தில் கிசுகிசுத்துப் பேசி மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் தெரியும். ஆனால் துபாஷிக்குக் கேட்கவில்லை என்றால் கூட்டமே நடக்காது. பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளிநாட்டவர் இருவரும் வந்தபோது, மக்களுக்கு எதிரே, அதே தரையில், அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

முதலில் பேசியவர் குருவிநத்தத்து விவசாயி கலியபெருமாள். நெல்லும் கரும்பும் வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, கம்பீரமான குரல்.

"ஆத்தோரம் அவ்ளோ ஆழமா போர் போட்டு உறிஞ்சிட்டா, எங்க மோட்டாரு காத்துதான் எறைக்கும். கம்பெனிக்குத் தண்ணி வேணுன்றீங்க. சரி. எங்க பயிருக்கு வேணாமா? நாங்க யாரண்ட போயி நிக்கறது?"

அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்கு எளிதாக இருந்தது. "எங்கள் மோட்டார் காற்றைத்தான் இறைக்கும்" என்று நான் பிரெஞ்சில் சொன்னதும் துவால் எழுதிக்கொண்டார்.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"தண்ணி போயிடும் போயிடும்ன்றியே அண்ணே, எங்க தண்ணி எப்பயோ போயிடிச்சே. அத்த யாரு கொண்டுபோனது?"

பனித்திட்டு தனலட்சுமி. அந்தக் கடலோர ஊரிலிருந்து மீன் கூடையோடு பாகூர், குருவிநத்தம் என்று சுற்றி விற்கிறவர். கூடம் முழுக்க அவரைத் தெரியும். ஒலிபெருக்கியில் கலியபெருமாள் பேசியதைக் கேட்டு, கூடையை வெளியே இறக்கிவிட்டு வாசற்படியில் வந்து நின்றிருந்தார். பின்னால் அவர் ஊர்ப் பெண்கள் இன்னும் இரண்டு மூன்று பேர்.

பொறியாளர் கையை உயர்த்தினார். "உங்க ஊரு இதுல இல்லம்மா. போர் போடற ஊருக்குத்தான் கூட்டம்." பிறகு என் பக்கம் திரும்பி, "அத சொல்ல வேணாம். அவங்க கூட்டத்துல இல்ல" என்றார்.

துவாலும் எலேனும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் ஏதோ கேட்டாள், கூடமே திரும்பிப் பார்க்கிறது, அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முசே மறுகோடியில் ஒலிபெருக்கிக்காரனோடு நின்றிருந்தார். அவர் கண்சாடை காட்டுவார் என்று காத்திருக்க நேரமில்லை. அந்தப் பொறியாளர் நினைத்தால் என்னை ஏனாமுக்கோ மாஹேவுக்கோ தூக்கியடிக்க வைக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளை. ஆனால் அறையில் கேட்ட கேள்வி ஒன்று கேட்க வந்த இருவருக்கும் புரியாமல் தொங்கிக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வாய் திறந்துவிட்டேன்.

"எங்கள் தண்ணீர் எப்போதோ போய்விட்டது. அதை யார் கொண்டுபோனது?"

"மேடம்!" என்றார் பொறியாளர்.

முசே நிதானமாக நடந்து வந்தார். "உள்ள பேசினத எல்லாம் சொல்றதுதான் எங்க வேலை சார்."

"அவங்க வாசப்படியில நிக்கறாங்க."

முசே திரும்பி வாசற்படியைப் பார்த்தார். நிலையிலிருந்து சுவர் வரை கண்ணால் அளந்தார். "வாசப்படி இந்தக் கூடத்துதுதானே?" என்றார்.

அதற்குள் சண்டை பற்றிக்கொண்டுவிட்டது. கலியபெருமாள் எழுந்து நின்றார்.

"மீன் வித்தமா போனமான்னு இல்லாம இங்க வந்து இன்னா பேச்சு? உப்பு கடல்ல இருந்து வர்து. என் மோட்டார்ல இருந்தா வர்து?"

"உன் மோட்டாராலதான் வர்து! முன்ன எங்க ஊர்ல மணலக் கையால தோண்டுனா நல்ல தண்ணி ஊறும். இப்ப பங்குனி பொறந்தா கெணத்துத் தண்ணிய வாயில வெக்க முடியல. நீங்க அந்தாண்ட உறிய உறிய இந்தாண்ட கடலு உள்ள பூந்துக்குது. பச்சப் புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினாலும் கரிக்குது!"

"அப்ப இனிமே தண்ணிக்கு என் மோட்டாராண்ட வராத. ஒரு கொடம் தர மாட்டன்!"

"வர மாட்டன்! உன் வூட்டுக்காரி இனிமே என்னாண்ட மீன் கேக்கட்டும், பேசிக்கறன்!"

"இது உள்ளூர்ச் சண்டை, இது எதுக்கு அவங்களுக்கு?" என்று பொறியாளர் தவித்தார். நான் நிறுத்தவில்லை. ஆனால் பாருங்கள், எனக்கு இருப்பது ஒரு வாய். 'என் மோட்டாரிலிருந்தா வருகிறது?' என்று நானே கேட்டு, 'உன் மோட்டாரால்தான்!' என்று நானே பதில் சொல்லி, 'இனிமேல் வராதே' என்று என்னை நானே விரட்டிக்கொண்டிருந்தேன். துவாலுக்கு எந்த 'நான்' எந்த 'நான்' என்று தலை சுற்றியது. என் தொண்டையும் கட்டிக்கொண்டது.

முசே ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டார். கழுத்துப் பட்டியைச் சற்றுத் தளர்த்தினார். "மத்மசேல், நீ அந்தம்மா. நான் கலியபெருமாள்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கலியபெருமாள் தொடையில் தட்டிக்கொண்டு கத்தினார். அந்த மூச்சிலேயே முசே பிரெஞ்சில் கத்தினார், தொடையில் தட்டிக்கொண்டு. கத்திக் கேட்டிராத அந்த மனிதரின் குரல் ஒலிபெருக்கியில் பாகூர்க் கடைத்தெரு வரைக்கும் போயிற்று. தனலட்சுமி இடுப்பில் கை வைத்து ஏசினார். நான் என் மேலதிகாரியைப் பார்த்து அதே வேகத்தில் பிரெஞ்சில் ஏசினேன். அவர், "ஒரு குடம் தர மாட்டேன்!" என்றார். நான், "உன் பெண்டாட்டி இனி என்னிடம் மீன் கேட்கட்டும்!" என்றேன்.

அதைச் சொல்லி முடித்தபோதுதான் கவனித்தேன். அசல் சண்டைக்காரர்கள் இருவரும் நிறுத்திவிட்டார்கள். கூடமே வாயைப் பிளந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கலியபெருமாள்தான் முதலில் சிரித்தார். "இன்னா முசே, நானு இவ்ளோ கோவமாவா பேசினன்?"

"இதுக்கு மேல பேசினீங்க. எனக்கு மூச்சு பத்தல" என்றார் முசே, முகம் மாறாமல்.

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தனலட்சுமியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். யாரோ நாற்காலி ஒன்றை வாசற்பக்கம் நகர்த்தினார்கள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். பொறியாளரும் தடுக்கவில்லை.

துவால் தன் வரைபடத்தைத் தரையில் விரித்தார். பனித்திட்டு இருக்க வேண்டிய இடத்தில் மணல்மேடு என்று குறித்திருந்தது. குடிநீர்க் கிணறு எதுவும் இல்லை. "கடல் உள்ளே வரக்கூடும் என்று எங்கள் கணக்கிலும் இருந்தது. அங்கே மனிதர்கள் கிணறு வைத்துக் குடிக்கிறார்கள் என்பது இல்லை" என்றார். பிறகு இருவரையும் பார்த்துச் சொன்னார்: "கீழே இருப்பது ஒரே தண்ணீர். நீங்கள் இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து குடிக்கிறீர்கள். நான் மூன்றாவதாக ஒரு குழாயை அதில் வைக்க வந்திருக்கிறேன். எங்கே வைத்தால் உங்கள் இருவருக்கும் மிஞ்சும் என்பதுதான் கேள்வி."

"வெச்ச வருசமே கடலு எங்க வூட்டுக்குள்ள வந்துடுமா?" என்று தனலட்சுமி கேட்டார்.

"இல்லை, அவ்வளவு வேகமாக வராது. மெதுவாகத்தான் வரும். ஆனால் வந்துவிட்டால் திரும்பிப் போக உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்கூடப் போதாது."

அதை நான் தமிழில் சொன்னபோது கலியபெருமாள் தன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய வயல்களில் கடைசிக் கொல்லை கடல் பக்கம்தான் இருந்தது.

எலேன் அதிகாரிகள் பக்கம் திரும்பினார். யார் வாழ்க்கை மாறுமோ அவர்களிடம் கேட்க வேண்டும் என்பது விதி. அழைப்பு கொடுத்த ஊர்களோடு அது முடிந்துவிடாது. நாளை பனித்திட்டுக்குப் போக வேண்டும் என்றார். அன்று மாலை பொறியாளர் எங்கள் முசேயை மேலிடத்துக்கு அழைத்துப் போனார். கதவை மூடிக்கொண்டு என்ன பேசினார்களோ தெரியாது. வெளியே வந்த முசே என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நாளைக்குப் பனித்திட்டு. காலைல ஜீப்பு வரும். தொண்டைக்குப் பனங்கல்கண்டு எடுத்துக்கோ."

பனித்திட்டில் துவால் ஒவ்வொரு கிணற்றிலும் முனையில் கருவி கட்டிய ஒரு கம்பியை இறக்கி உப்பைப் பார்த்தார். பெண்கள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். தனலட்சுமி கேட்டது எனக்கு மறக்காது.

"இவரு நல்லவராத்தான் தெரியறாரு. ஆனா முடிவு பண்றது இவரு இல்லியாமே. அவங்க எங்க மூஞ்சியப் பாக்காமயே முடிவு பண்ணிடுவாங்களா?"

எலேன் மழுப்பவில்லை. "ஆமாம், பார்க்க மாட்டார்கள். நானும் எந்த வாக்கும் தர முடியாது. ஆனால் நீங்கள் சொன்னது சொன்னபடி அவர்கள் முன்னால் வாசிக்கப்படும். அனுப்புவதற்கு முன்னால் அதை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். தவறு இருந்தால் நீங்கள்தான் திருத்த வேண்டும்" என்றார்.

அப்படி வாசித்துக் காட்டுவது எங்களுக்கே புதுசு. அந்த வாரத்தில் ஒரு நாள், பனித்திட்டு மீன் ஏலக் கொட்டகையில், இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருக்க, பிரெஞ்சில் தட்டச்சு செய்ததை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முசே வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'எங்கள் ஊருக்கு முதலில் குடிதண்ணீர் தருமாறு வேண்டிக்கொள்கிறோம்' என்ற இடம் வந்தது.

"நிறுத்து துபாஷியம்மா" என்றார் தனலட்சுமி. "நான் எப்ப வேண்டிக்கினன்? வேண்டிக்கறதுன்னா கோயில்ல வேண்டிக்குவன். இவங்களாண்ட கேட்டன். எங்க மண்ணுக்குக் கீழ இருக்கற தண்ணி. கேக்கறதுக்கு எங்களுக்குப் பாத்யத இருக்குது."

பிரெஞ்சில் மன்றாடிக் கேட்பதற்கு ஒரு சொல், உரிமையோடு கேட்பதற்கு வேறு சொல். அரசாங்கத்துக்குப் போகிற காகிதம் என்றால் முதல் சொல்லைப் போடுவது எங்கள் பிரிவில் காலங்காலமான வழக்கம். அந்த மரியாதைச் சொல்லை யாரும் அதுவரை கேள்வி கேட்டதில்லை. முசே கண்ணைத் திறந்தார். பேனாவை எடுத்துப் பழைய சொல்லை அடித்து, இரண்டாவது சொல்லைத் தன் கையால் எழுதினார். பிறகு காகிதம் முழுக்க மேலிருந்து கீழே பார்த்து, அதே சொல் வந்த வேறு இடங்களிலும் மாற்றினார்.

கலியபெருமாளுக்கும் ஒரு திருத்தம் இருந்தது. "ஒரு கொடம் தர மாட்டன்னு சொன்னது வருதே, அத்த எடுத்துடுங்க. நல்லால்ல."

எலேன் முடியாது என்று தலையசைத்தார். பலர் முன்னால் சொன்னதை அழிக்க முடியாது. வேண்டுமானால் சேர்க்கலாம் என்றார்.

கலியபெருமாள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்ப இத்த சேருங்க. அது கோவத்துல சொன்னது. என் மோட்டாராண்ட வந்தவங்க யாரையும் நான் இதுவரிக்கும் வெறுங்கொடத்தோட அனுப்பினது இல்ல."

"அது நெசந்தான்" என்றார் தனலட்சுமி. "அதயும் எழுது, நான் சொன்னன்னு."

இரண்டையும் எழுதினோம். காகிதம் போயிற்று.

பிறகு காத்திருந்தோம். மழைக்காலம் வந்து போனது. பாகூர் ஏரி நிரம்பி, கலிங்கல் வழிந்து, திரும்பவும் இறங்கியது. வழியில் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் தனலட்சுமி, "இன்னா, சீமையில இருந்து சேதி வந்துச்சா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். வராது என்றே நினைத்தேன். பெரிய இடத்து முடிவுகள் அதுவரை எனக்கு அப்படித்தான் பழக்கம்.

வந்தது. முசே மேசைக்கு எதிரே நின்று, பிரெஞ்சில் இருந்ததை வாய்விட்டு வாசித்தேன். கிணறுகளைக் குறைத்து, கடலிலிருந்து தள்ளி மேற்கே போட வேண்டும். குழாய் டவுனுக்குப் போவதற்கு முன்னால் பனித்திட்டுக்கு ஒரு கிளை. கடலோரத்தில் அளவுக் கிணறுகள். நீர்மட்டத்தையும் உப்பையும் அந்தந்த ஊர்க்காரர்களே பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் கோடைக்கு முன்னால் எல்லா ஊரும் சேர்ந்து கூடிப் பேச வேண்டும். அந்தக் கூட்டம் நடக்காவிட்டால் அடுத்த தவணைப் பணம் நிறுத்தப்படும். காரணங்கள் என்ற தலைப்பில் பாகூரிலும் பனித்திட்டிலும் மக்கள் சொன்னவை, சொன்னபடி.

முடித்தேன். முசே கண் மூடியிருந்தது.

"திரும்ப" என்றார்.

எங்கே பிசகினேன் என்று காகிதத்தைத் தேடினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "தப்பு இல்ல. இன்னொரு தடவ கேக்கணும்" என்றார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தனியார் மோட்டார்கள் பெருகிக்கொண்டேதான் போயின. சில கிணறுகள் மீளவில்லை. சொன்ன கிளைக்குழாய் வர இழுத்தடித்தார்கள். பெண்கள் அதற்காக அலுவலக வாசலில் வந்து உட்கார வேண்டியிருந்தது. ஆனால் குழாய் வந்தது. அளவுக் கிணற்றில் நாடாவை இறக்கிப் பார்க்க, பனித்திட்டில் பெண்களே முறைபோட்டுக்கொண்டார்கள்.

முதல் வருடாந்தரக் கூட்டம் குருவிநத்தத்தில், ஆற்றங்கரைத் தோப்பில் பந்தல் போட்டு நடந்தது. அப்போது முசே ஓய்வு பெற்றிருந்தார். துவால் வருவதாகச் சொல்லியிருந்ததால் என்னை அனுப்பினார்கள். நான் முன்னதாகவே போய் நாற்காலிகளைப் போட்டேன். கடைசி நேரத்தில் துவாலுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை என்று தகவல் வந்தது. அவருக்குப் பதிலாக வந்தவர் விழுப்புரத்துக்காரர், தமிழ்தான் பேசினார். எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. திரும்பிப் போக வண்டி மாலையில்தான்.

பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பனித்திட்டுப் பெண் ஒருத்தி அளவுகளைச் சொன்னாள். மட்டம் இறங்கியிருந்தது. கலியபெருமாள் எழுந்து, தன் கடைசிக் கொல்லை போரிலும் தண்ணீர் கரிக்க ஆரம்பித்திருக்கிறது என்றார். அதைச் சொல்ல அவருக்குச் சங்கடமாக இருந்தது. உடனே ஒரு பெண், "இப்பத் தெரியுதா?" என்றாள். தனலட்சுமி அவளை அதட்டி உட்கார வைத்தார். கடல் பக்கத்து மோட்டார்களைச் சித்திரையில் முறைவைத்து ஓட்டுவது என்று பேச்சு ஆரம்பித்தது. ஒருவர் முடியாது என்றார். இன்னொருவர் நெல்லுக்குப் பதில் கேழ்வரகு போட்டால் முடியும் என்றார். குரல் ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. யாரும் யாரையும் வெளியே போய் நில் என்று சொல்லவில்லை. வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் ஒரு முறைக்கு ஒத்துக்கொண்டார்கள். அரைமனதாகத்தான், ஆனால் அவரவர் வாயால்.

ஆற்றுக்காற்றில் குழம்பு வாசனை வந்தது. இலை போட ஆரம்பித்திருந்தார்கள். மீன் பனித்திட்டுது, அரிசி குருவிநத்தத்துது. நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"இன்னா துபாஷியம்மா, சும்மா குந்தினு இருக்கற?" என்று தனலட்சுமி பந்திக்குள்ளிருந்து கூப்பிட்டார். தன் பக்கத்தில் ஒரு இலையைத் தட்டிக் காட்டினார். "இன்னிக்கு உனக்கு வேலை இல்ல. வா, சோறு ஆறுது."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.